ஒரு பென்னி கொடுத்து உள்ளே போனால்...

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது, வங்கியில் 34 வருஷம் பேரேடு பார்த்தவன் என்னத்தை எழுதுவது என்று முதலில் தயங்கினேன். பழைய ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும், மரத்தடி அரட்டையைப் பற்றியும் எழுத நம்மில் ஏராளமான பேர் இருக்கிறார்கள். அவர்கள் என்னைவிட நன்றாகவும் எழுதுவார்கள். எனக்கு மனசில் ரொம்ப நாளாக உறுத்திக் கொண்டிருக்கும் ஒரு விஷயம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால், 400 வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஒரு நாடக நடிகரின் கதையைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் 1974–77 பி.ஏ. ஆங்கில இலக்கியம். மூன்றாம் ஆண்டில் கிறிஸ்டோபர் மார்லோ எழுதிய 'டாக்டர் ஃபாஸ்டஸ்' பாடம். மதியச் சாப்பாடு முடிந்து வரும் முதல் பீரியட். மின்விசிறி சுற்றுகிற சத்தத்திலேயே பாதிப் பேர் சொக்கி விழுவோம். ஒருநாள் எங்கள் பேராசிரியர் புத்தகத்தை மூடி மேஜையில் வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். ஒரே ஒரு பிற்பகலுக்கு மட்டும் பின்னோக்கிப் போய் வரலாம் என்று யாராவது வரம் கொடுத்தால், எந்த நாளுக்கு, எந்த ஊருக்குப் போவீர்கள்?

ஒருவன் ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூர் என்றான். கடைசி பெஞ்சில் இருந்த நான் எழுந்து சேப்பாக்கம் என்றேன். 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 ரன் எடுத்தாரே, அந்த நாள். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். பிறகு தான் போக விரும்பும் நாளைச் சொன்னார். 1594 செப்டம்பர் 30. ஊர் லண்டன். தேம்ஸ் நதிக்குத் தென்கரையில் 'ரோஸ்' என்ற நாடகக் கொட்டகை. கையில் ஒரு பென்னி இருந்தால் போதும், எட்வர்ட் ஆலன் ஃபாஸ்டஸாக நடிப்பதைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்றார்.

எங்களில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. ஷேக்ஸ்பியர் தெரியும், மார்லோ பரீட்சைக்குத் தெரியும். ஆலன் யார்? இன்றைய மாணவர்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். 1998-இல் வந்த 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்தில் பென் அஃப்லெக் நடித்த அந்த மிடுக்கான நடிகர் பாத்திரம்தான் நெட் ஆலன். நிஜ ஆலனின் வாழ்க்கை அந்தப் படத்தைவிட சுவாரசியமானது.

சத்திரக்காரர் மகன்

எட்வர்ட் ஆலன் பிறந்தது 1566 செப்டம்பர் 1. லண்டன் நகரின் பிஷப்ஸ்கேட் பகுதி. அப்பா ஒரு சத்திரக்காரர். ஆலனுக்கு நாலு வயசு இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அந்தக் காலத்துச் சத்திரங்களின் முற்றங்களில்தான் நாடகக் குழுக்கள் வந்து கூத்துப் போடும். பையன் வளர்ந்த சூழ்நிலை அது.

அன்றைய இங்கிலாந்தில் நடிகன் என்றால் என்ன மரியாதை தெரியுமா? 1572-இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு பிரபுவின் ஆதரவு இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றும் நடிகர்களை நாடோடிப் பிச்சைக்காரர்களோடு சேர்த்தது அந்தச் சட்டம். பிடிபட்டால் சவுக்கடி, காதில் சூடு. அதனால்தான் ஒவ்வொரு குழுவும் ஏதாவது ஒரு பிரபுவின் பெயரைக் கவசம்போல் மாட்டிக் கொண்டது. ஆலன் 16 வயதில், 1583-இல், வூஸ்டர் பிரபுவின் குழுவில் இருந்ததற்குப் பதிவு இருக்கிறது. நாம் பி.யு.சி. படித்த வயசில் அவர் ஊர் ஊராக வண்டி கட்டிப் போய் நடித்துக் கொண்டிருந்தார்.

பிறகு கடற்படைத் தலைவர் ஹோவர்ட் பிரபுவின் குழு. இதைத்தான் அட்மிரல் குழு என்பார்கள். 1589 ஜனவரியில், 22 வயதில், சக நடிகர் ஒருவரிடமிருந்து உடைகள், நாடகப் பிரதிகள், வாத்தியங்கள் ஆகியவற்றில் அவருக்கிருந்த பங்கை 37 பவுண்டு 10 ஷில்லிங் கொடுத்து ஆலன் வாங்கினார். அந்தப் பத்திரம் இன்றும் இருக்கிறது. நடிகனாகப் பேர் எடுக்கும் முன்பே சாமான்களில் பணம் போட்ட ஆள். பேரேடு பார்த்தவனான எனக்கு இவரைப் பிடித்துப் போனதற்கு முதல் காரணம் இதுதான்!

ரோஸ் அரங்கில் ஒரு பிற்பகல்

சரி, சார் கேட்ட வரம் நமக்குக் கிடைத்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். வாருங்கள், 1594-க்குப் போவோம்.

லண்டன் நகர நிர்வாகத்துக்கு நாடகக்காரர்களைக் கண்டால் ஆகாது. அதனால் கொட்டகைகள் நகர எல்லைக்கு வெளியே இருந்தன. லண்டன் பாலத்தின் வழியாக நடந்து போகலாம். காசு இருந்தால் படகுக்காரரைக் கூப்பிடலாம். ரோஸ் அரங்கத்தை 1587-இல் கட்டியவர் பிலிப் ஹென்ஸ்லோ என்ற வியாபாரி. பல பக்கங்கள் கொண்ட, ஏறக்குறைய வட்டமான மரக் கட்டடம். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் மாடிகள், மேலே கூரை வேய்ந்திருக்கும். இன்று நாடகம் உண்டு என்பதற்கு அடையாளமாகக் கொடி பறக்கும்.

வாசலில் ஒரு பென்னி. முற்றத்தில் நின்று பார்க்க அது போதும். கூலியாளின் ஒரு நாள் கூலியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். மாடிக்குப் போக இன்னொரு பென்னி. மின்விளக்கு கிடையாது, அதனால் ஆட்டம் பிற்பகல் 2 மணி வாக்கில் ஆரம்பம். மழை பெய்தால் தரை டிக்கெட் நனையும். நம்ம ஊர் டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்த ஆசாமிகளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. இங்கே உட்காரக்கூட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று முறை எக்காளம் ஊதுகிறார்கள். திரை கிடையாது. பெண் வேடங்கள் எல்லாம் பையன்கள். நம் பாய்ஸ் கம்பெனிகளை நினைத்துக் கொள்ளுங்கள். ஹென்ஸ்லோவின் சாமான் பட்டியல் ஒன்று 1598-லிருந்து கிடைத்திருக்கிறது. அதில் நரகத்தின் வாய் ஒன்று, ஃபாஸ்டஸ் நாடகத்துக்கான டிராகன் ஒன்று, ஒரு கல்லறை, ஒரு கொப்பரை, மார்லோவின் டாம்பர்லேன் மன்னனுக்கு ஜரிகை வைத்த கோட்டு என்று வரிசையாக வருகிறது. மறைந்து போவதற்கான அங்கி என்று ஒன்றும் இருக்கிறது. அதைப் போட்டுக் கொண்டால் நடிகர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஜனங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டார்கள்!

இப்போது ஆலன் மேடைக்கு வருகிறார். நல்ல உயரம், கருப்பு உடை, தாடி. லண்டனில் உள்ள அவருடைய முழு உருவப் படத்தில் ஒரு கையை முன்னே நீட்டிக் கொண்டு நிற்கிறார். ஃபாஸ்டஸ் வேடத்தில் வெள்ளை அங்கியும் மார்பில் சிலுவையுமாக வருவார் என்று அந்தக் காலத்தவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். சிலுவையை மார்பில் அணிந்து கொண்டு சாத்தானைக் கூப்பிடுகிறவன். முற்றத்தில் நிற்பவனுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டிருக்காதா? நீண்ட நடை, கொட்டகை முழுக்க அதிரும் குரல். பிற்காலத்தில் சிலர் இதை மிகை நடிப்பு என்று கேலி செய்தார்கள். கூரையில்லாத முற்றத்தில், கொட்டை உடைத்துத் தின்னும் கூட்டத்துக்கு நடுவே, மைக் இல்லாமல் பேசுகிறவர் வேறு எப்படிப் பேசுவார்? பி.யு. சின்னப்பாவின் நாடக மேடைக் குரலை நம் அப்பாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதே ஜாதிக் குரல் இது என்றுதான் நினைக்கிறேன்.

இதில் பெரிய ஆச்சரியம் ஞாபக சக்தி. இன்றைக்குப் போட்ட நாடகம் நாளைக்கு இல்லை. 1594–95 பருவத்தில் மட்டும் அட்மிரல் குழு 38 நாடகங்கள் போட்டது. அதில் 21 புத்தம் புதியவை. பெரும்பாலானவற்றில் ஆலன்தான் கதாநாயகன். முழுப் பிரதியை நடிகர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். அவரவர் வசனமும், அதற்கு முன் மற்றவர் பேசி முடிக்கும் இரண்டு மூன்று வார்த்தைகளும் மட்டும் எழுதிய காகிதச் சுருள்தான் கிடைக்கும். எதிராளி என்ன பேசப் போகிறான் என்பது மேடையில்தான் முழுசாகத் தெரியும். வருஷம் பூராவும் படித்து ஒரு பரீட்சைக்கு நாம் திணறியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த நாள் வசூலில் தன் பங்கு 3 பவுண்டு 12 ஷில்லிங் என்று ஹென்ஸ்லோ தன் கணக்குப் புத்தகத்தில் குறித்தார். அந்த ஒரு வரி இருப்பதால்தான் எங்கள் சாருக்குத் தேதி தெரிந்தது. இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

பிளேக் வந்தபோது

1592 அக்டோபர் 22 அன்று ஆலனுக்குக் கல்யாணம். பெண் ஜோன், ஹென்ஸ்லோவின் மனைவிக்கு முதல் கணவர் மூலம் பிறந்தவள். கொட்டகை முதலாளி மாமனார், முதல் நடிகர் மாப்பிள்ளை. வியாபாரம் குடும்பத்துக்குள் வந்துவிட்டது.

ஆனால் அந்த வருஷமே பிளேக். கொட்டகைகளை மூடிவிட்டார்கள். அதில் ஒரு விசித்திரம்: தேம்ஸ் படகுக்காரர்கள், நாடகம் இல்லாமல் சவாரி இல்லை, பிள்ளை குட்டிகள் பட்டினி, தயவு செய்து ரோஸைத் திறந்து விடுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். 1593-இல் லண்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிளேக்கில் செத்தார்கள். குழு, பிழைப்புத் தேடி வெளியூர்களுக்குக் கிளம்பியது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மனைவியை லண்டனில் விட்டுவிட்டு ஆலன் போனார்.

1593 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரிலிருந்து அவர் மனைவிக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. மனைவியைச் செல்லமாகச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார். தனக்கு வீட்டிலிருந்து ஒரு வரிகூடக் கடிதம் வரவில்லை என்ற வருத்தம். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள், தினமும் சாயங்காலம் வாசலிலும் கொல்லையிலும் தண்ணீர் தெளி, ஜன்னல்களில் அருவதாத் தழையை நிறைய வை என்று சொல்கிறார். படித்தபோது எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி வாசல் தெளித்த என் பாட்டி, ஆலனின் வீட்டுக்கு எப்படிப் போனாள்?

அதோடு நிற்கவில்லை. பார்ஸ்லி கீரை போட்டிருந்த பாத்தியில் செப்டம்பரில் பசலைக் கீரை விதைத்துவிடு, அதுதான் பருவம் என்கிறார். என்னுடைய ஆரஞ்சு நிறக் கம்பளிக் காலுறையைக் கருப்புச் சாயம் போட்டு வை, பனிக்காலத்துக்கு ஆகும் என்கிறார். மேடையில் உலகத்தையே நடுங்க வைத்த டாம்பர்லேன் இவர்தான் என்றால் நம்ப முடிகிறதா? பதில் கடிதத்தில் வீட்டார், சக நடிகர் ஒருவரின் மனைவியும் பிள்ளைகளும் வீட்டிலிருந்த எல்லோரும் பிளேக்கில் போய்விட்டார்கள், கதவை அடைத்துவிட்டார்கள் என்று எழுதுகிறார்கள். ஜோன் பிழைத்தாள். 2020-இல் ஊரடங்கின்போது வெளியூரில் மாட்டிக் கொண்ட பிள்ளைகளோடு ராத்திரி ராத்திரி போனில் பேசிய நமக்கு, அந்தக் கடிதங்களின் பயம் விளக்கிச் சொல்லாமலே புரியும்.

அந்த 1593 மே 30 அன்றுதான் மார்லோ 29 வயதில் கத்திக்குத்தில் இறந்தார். ஃபாஸ்டஸை எழுதிய கை போய்விட்டது. அடுத்த வருஷம் கொட்டகை திறந்ததும் ஆலன்தான் அந்த வசனங்களைத் தன் குரலில் திரும்பக் கொண்டு வந்தார்.

மேடையை விட்டு

புகழின் உச்சியில், 1597-இல், 31 வயதில் ஆலன் நடிப்பை நிறுத்திவிட்டார். 1599-இல் ரோஸுக்குப் பக்கத்திலேயே ஷேக்ஸ்பியர் குழுவின் 'குளோப்' எழுந்தது. மாமனாரும் மாப்பிள்ளையும் சளைக்கவில்லை. நகரின் வடக்கே 'ஃபார்ச்சூன்' என்ற புது அரங்கம் கட்ட, 1600 ஜனவரி 8 அன்று 440 பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். யாரிடம்? குளோபைக் கட்டிய அதே தச்சு மேஸ்திரி பீட்டர் ஸ்ட்ரீட்டிடம்! வட்டம் இல்லை, சதுரம். வெளிப்பக்கம் 80 அடி, மேடை அகலம் 43 அடி என்று ஒப்பந்தத்தில் கணக்குச் சுத்தம். ஆலன் மறுபடி மேடை ஏறினார். முதல் ஜேம்ஸ் மன்னர் பட்டத்துக்கு வந்தபின், 1604-இல் நடந்த நகர்வல ஊர்வலத்தில் அவரை வரவேற்று வசனம் பேசியவரும் ஆலன்தான். அதற்குப் பிறகு நடிப்பு ஓய்ந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆலனின் பணம் முழுக்க நடிப்பில் வந்ததல்ல. கொட்டகைப் பங்கு, வீட்டு வாடகை, வட்டி எல்லாம் உண்டு. கரடியையும் எருதையும் கட்டிப் போட்டு நாய்களை ஏவி விடும் வேடிக்கை அப்போது லண்டனில் பிரபலம். 1604 முதல் அரச அனுமதியோடு அந்தத் தொழிலுக்குத் தலைமை வகித்தவர்கள் ஹென்ஸ்லோவும் ஆலனும். அந்தப் பணமும் இவர் பெட்டியில் விழுந்தது. மனுஷன் மகான் இல்லை. ஆனால் அந்தப் பணத்தை வைத்து அவர் செய்தது என்ன என்பதுதான் கதை.

நடிகர் கட்டிய கல்லூரி

1605-இல் லண்டனுக்குத் தெற்கே டல்லிச் என்ற கிராமத்தின் பண்ணையை ஆலன் வாங்க ஆரம்பித்தார். பிள்ளை இல்லை. அவரும் ஜோனும் சேர்ந்து யோசித்த பிள்ளைதான் அந்தக் கல்லூரி. கடவுளின் கொடை என்று பெயர். 12 ஏழைப் பையன்களுக்குப் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம். 6 ஏழைக் கிழவர்களுக்கும் 6 ஏழைக் கிழவிகளுக்கும் ஆயுசுக்கும் நிழல். இவர்களை எங்கிருந்து எடுப்பது? தான் பிறந்த பிஷப்ஸ்கேட், ரோஸ் இருந்த சவுத்வார்க், ஃபார்ச்சூன் இருந்த கிரிப்பிள்கேட், கல்லூரி அமைந்த கேம்பர்வெல் ஆகிய வட்டாரங்களிலிருந்து. ஒரு பென்னி கொடுத்து முற்றத்தில் நின்ற சனங்களின் பேரப் பிள்ளைகளுக்கே அந்தப் பென்னி திரும்பிப் போக வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார் என்பது என் ஊகம்.

சுலபமாக நடக்கவில்லை. அப்போதைய சான்சலர் பெரிய அறிஞர் பிரான்சிஸ் பேக்கன். இவ்வளவு நிலம் தர்மத்துக்குப் போனால் அரசருக்கு வரவு குறையும், தர்மச் சத்திரத்தைவிடப் பல்கலைக்கழக விரிவுரைகளுக்குக் கொடுப்பது மேல் என்று கிடப்பில் போட்டார். ஆலன் விடவில்லை. கடைசியில் 1619 ஜூன் 21 அன்று அரச சாசனம் வந்தது. செப்டம்பர் 13 அன்று கல்லூரிச் சிற்றாலயத்தில் விருந்தினர்கள் முன்னிலையில் ஆலனே பத்திரத்தை உரக்கப் படித்துக் கையெழுத்திட்டார். விருந்தினர்களில் பேக்கனும் இருந்தார். சட்டம் நாடோடி என்று சொன்ன தொழிலில் வளர்ந்தவர், நாட்டின் பெரிய மனிதர்கள் முன் நின்று படித்தார். அவருடைய கடைசிப் பெரிய மேடை அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு வேடிக்கையான விதியும் போட்டார். கல்லூரித் தலைவர் தன் பெயரோ தன் ரத்தமோ உள்ளவராக இருக்க வேண்டும், கல்யாணம் ஆகாதவராகவும் இருக்க வேண்டும். 1857-இல் நாடாளுமன்றச் சட்டம் வந்து மாற்றும் வரை ஆலன் என்ற பெயருள்ள பிரம்மச்சாரிகளைத் தேடிப் பிடித்துக் கொண்டிருந்தார்கள்! இன்று அந்தக் கல்லூரி பெரிய பள்ளியாக நடக்கிறது. நம் நூலகத்தில் நாம் சண்டை போட்டு எடுத்துப் படித்த பி.ஜி. வுட்ஹவுஸ் அங்கேதான் படித்தார். துப்பறியும் கதை மன்னர் ரேமண்ட் சாண்ட்லரும், தென்துருவம் தேடிப்போன ஷேக்கிள்டனும் அதே பள்ளிதான். ஷேக்கிள்டன் தன் ஆட்களைக் காப்பாற்றப் புறப்பட்டுப் போன அந்தச் சின்னப் படகும் அங்கேயே இருக்கிறது.

ஜோன் 1623-இல் காலமானார். அதே வருஷம் டிசம்பரில் ஆலன், கவிஞர் ஜான் டன்னின் மகள் கான்ஸ்டன்ஸை மணந்தார். மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் பண விஷயத்தில் கசப்பு வந்து கடிதப் போரே நடந்தது. 1626 நவம்பர் 25 அன்று, 60 வயதில் ஆலன் இறந்தார். அவர் கட்டிய சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

ஒரு பிசாசு அதிகம்

ஆலன் ஏன் கல்லூரி கட்டினார் என்பதற்கு ஒரு கதை உண்டு. ஃபாஸ்டஸ் நாடகத்தில் பிசாசுகள் கூட்டமாக ஆடும் காட்சி. ஒருநாள் எண்ணிப் பார்த்தால் வேஷம் போட்டவர்களைவிட ஒரு பிசாசு கூடுதலாக நின்றதாம். நிஜமான ஒன்று வந்துவிட்டது என்று பயந்த ஆலன், பரிகாரமாகத் தர்மம் செய்தார் என்று ஜான் ஆப்ரே என்ற எழுத்தாளர், ஆலன் இறந்து பல வருஷம் கழித்துக் கேள்விப்பட்டு எழுதினார். நல்ல கதை. ஆனால் கணக்கு உதைக்கிறது. பல வருஷம் பொறுமையாக நிலம் வாங்கி, பத்திரம் எழுதி, சான்சலரோடு மல்லுக்கு நின்று கட்டியவர், பயத்தில் கட்டியவராகத் தெரியவில்லை.

இந்தக் கதையை எங்களுக்கு சார் சொன்ன சந்தர்ப்பம் வேறு. 1977 கல்லூரி நாள் விழாவில் ஃபாஸ்டஸின் கடைசிக் காட்சிகளை மேடையேற்றினோம். நான் மூன்றாம் பிசாசு. முகத்தில் கரி, தலையில் அட்டைக் கொம்பு, வசனம் கிடையாது. அதனால் பிராம்ட் செய்யும் வேலையும் என் தலையில். கூட்டத்துக்குப் புரிய வேண்டும் என்று சார் கடைசிக் காட்சியைத் தானே தமிழில் எழுதியிருந்தார். கோடு போட்ட நோட்டு, 40 பக்கம், பச்சை மை. ஃபாஸ்டஸ் வேடம் போட்டவன் கடைசி மணி நேரத்தின் புலம்பலைத் தமிழில் சொன்னபோது, விசிலடிக்க வந்த கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது. சைடு விங்கில் கொம்போடு நின்ற நான் அழுதேன், கரி கரைந்து சட்டையில் வழிந்தது. சார் என்னைப் பார்த்து, இன்றைக்கு ஒரு பிசாசு அதிகம்தான் என்று சிரித்தார். நோட்டை நீயே வைத்துக்கொள் என்றும் சொன்னார்.

தீயில் போனதும் தப்பியதும்

1621 டிசம்பர் 9. நள்ளிரவில் ஃபார்ச்சூன் அரங்கம் தீப்பற்றி எரிந்தது. இரண்டு மணி நேரத்தில் எல்லாம் சாம்பல். உடைகள், நாடகப் பிரதிகள் அத்தனையும் போயின. ஆலன் தன் நாட்குறிப்பில் அதை ஒரே வரியில் குறித்துவிட்டுப் போகிறார்.

ஆனால் ஒரு விஷயம். மாமனாரின் கணக்குப் புத்தகம், அந்தப் பிரிஸ்டல் கடிதம், ஃபார்ச்சூன் ஒப்பந்தம், படகுக்காரர் மனு, நாட்குறிப்பு எல்லாம் தப்பின. அவை கொட்டகையில் இல்லை. ஆலனுடைய காகிதங்களாகக் கல்லூரிக்கு வந்து சேர்ந்துவிட்டன. அந்தக் காலத்து ஆங்கிலத் தொழில்முறை நடிகர் ஒருவர் கையில் வைத்திருந்த வசனச் சுருள் இன்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ராபர்ட் கிரீன் எழுதிய 'ஆர்லாண்டோ' நாடகத்தில் ஆலனின் பாகம் அது. அதுவும் டல்லிச்சில்தான் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்துக் கொட்டகைகள் எப்படி நடந்தன, எவ்வளவு வசூல், எழுத்தாளருக்கு எவ்வளவு சம்பளம் என்று இன்றைக்கு உலகம் அறிந்து வைத்திருப்பதில் பெரும் பகுதி இந்தக் காகிதங்களால்தான். 19-ஆம் நூற்றாண்டில் ஓர் ஆய்வாளரே உள்ளே போய்ப் பொய் வரிகளை எழுதிச் சேர்த்த கொடுமையும் நடந்தது. அதையும் தாண்டி நிலைத்திருக்கின்றன. இப்போது படமெடுத்துக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள், நம் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

ரோஸ் அரங்கமும் முழுசாக மறைந்துவிடவில்லை. 1989-இல் அலுவலகக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது அதன் அடித்தளம் வெளிப்பட்டது. ஹேசல் கொட்டை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. நடிகர்களும் பொதுமக்களும் திரண்டு போராடியதால், கட்டடத்தை மேலே தூக்கிக் கட்டி, கீழே அடித்தளத்தைத் தண்ணீருக்கு அடியில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

சாருடைய பச்சை மை நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1998-இல் எனக்கு மாற்றல். லாரி வாசலில் நிற்கிறது. பரணில் இருந்த பழைய காகித மூட்டையைப் பிரித்துப் பார்க்கட்டுமா என்று மனைவி கேட்டாள். நேரமில்லை என்று அப்படியே பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுக் கொடுத்துவிட்டேன். புது ஊருக்குப் போய் மூன்றாம் நாள் ராத்திரிதான் ஞாபகம் வந்தது. சார் அப்போது இருந்தார். சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் காலமான பிறகு, வேறு பிரதி இருக்கிறதா என்று அவர் வீட்டில் விசாரித்தேன். இல்லை. அந்தத் தமிழ் ஃபாஸ்டஸைக் கேட்ட சில நூறு பேரின் காதுகளில் மட்டும் அது இருக்கிறது. எங்களுக்கும் வயசாகிக் கொண்டிருக்கிறது. ஒரு பிற்பகலுக்குப் பின்னோக்கிப் போகும் வரம் எனக்கு இன்று கிடைத்தால், சேப்பாக்கமும் வேண்டாம், லண்டனும் வேண்டாம். 1998-இல் அந்த லாரி நின்ற வாசலுக்குப் போவேன்.

அதனால் நண்பர்களே, ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி நாடக மன்றம் போட்ட நாடகங்களின் அழைப்பிதழ், மங்கிய போட்டோ, வசனத் தாள், மெஸ் பில், கையெழுத்துப் பத்திரிகை எது உங்கள் பரணில் இருந்தாலும் சங்கமத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள். நூலகத்தில் வைக்க ஓர் இரும்பு பீரோ வாங்கித் தர நான் ஒப்புக் கொண்டிருக்கிறேன். செயலாளரும் சரி என்று சொல்லிவிட்டார். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் செல்போனில் எடுக்கும் நாடகப் படங்களுக்கும் இது பொருந்தும். தேதியும் பெயரும் போட்டு ஒரு பிரதியை அங்கே வையுங்கள்.

எது உபயோகப்படும் என்று நமக்குத் தெரியாது. பசலைக் கீரை விதைக்கச் சொன்ன கடிதம் 400 வருஷம் கழித்து ஒருவனைக் கலங்க வைக்கும் என்று ஆலனுக்குத் தெரிந்தா இருந்தது?